புதுப்பிப்பு: நீண்ட நாள் வாடகைதாரர்கள் இருக்கும் வீட்டை வாங்கிவிட்டேன்

12 வருடமாக ஒரே குடும்பம் குடியிருக்கும் வீட்டை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன். வாடகை, அட்வான்ஸ், பாக்கி மூன்றையும் குடியிருப்பவரிடமே கேட்டு எழுதி வாங்கச் சொன்னீர்களே, அதுதான் என்னைக் காப்பாற்றியது. விற்பவர் 2 மாத அட்வான்ஸ் என்றார். குடியிருக்கும் அம்மா பிஸ்கட் டப்பாவிலிருந்து மடித்து வைத்த ரசீதுகளை எடுத்துக் காட்டினார், கூட்டினால் 5 மாதம். காலி செய்யும்போது அதை என்னிடம்தானே கேட்பார்கள், அதனால் முழுவதையும் விலையில் கழித்த பிறகே பத்திரம் பதிந்தோம்.

எதிர்பாராதது ஒன்று: சமையலறைச் சுவரில் ஓதம், சரிசெய்து தருவதாகப் பழைய உரிமையாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் என்ன, நானே பூசிக் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தம் முடிய 8 மாதம் இருக்கிறது, அதுவரை பழைய வாடகைதான்.