1979 தையானா 37, விலை 85,000 ரிங்கிட்: வாங்கலாமா?

கடல்காத்து:
அண்ணன்மாரே, லங்காவியில் ஒரு பாய்மரப் படகு பார்த்து வைத்திருக்கிறேன். தையானா 37, தைவானில் 1979இல் கட்டியது, பாப் பெர்ரி வரைந்த வடிவம். கேட்கும் விலை 85,000 ரிங்கிட். சொந்தக்காரர் ஆஸ்திரேலியக்காரர், எழுபதைத் தாண்டியவர். செங்கடல் வழியாகப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, ஆறு வருடமாக இங்கேயே கட்டிப் போட்டிருக்கிறார். தேக்குப் பலகை போட்ட டெக் (மேல்தளம்), பெர்கின்ஸ் 4-108 எஞ்சின். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளை எப்போது மாற்றினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. என் கையில் மொத்தம் 160,000. அதில் குடியிருந்துகொண்டே இரண்டு வருடம் சுற்ற வேண்டும், முடிந்தால் திருகோணமலை வரை. பக்கத்திலேயே 1998இல் செய்த பிரெஞ்சுப் படகு ஒன்று, 36 அடி, 150,000க்கு நிற்கிறது. ஏறிக் கிளம்பிவிடலாம் என்கிறார்கள். எதை எடுக்க?

உப்புக்கரை:
தம்பி, 85,000ஐ முன்பணம் என்று வைத்துக்கொள். நானும் இதே மாதிரி ஒரு தைவான் படகை வாங்கி, ஒரு மாத வேலை என்று கரையேற்றினேன், பதினாலு மாதம் கழித்துத்தான் தண்ணீரில் இறங்கியது, அதில் பாதி நாள் மழை, மீதி நாள் சாமான் வரக் காத்திருந்தது, பட்டறை வாடகை மட்டும் மாதா மாதம் தவறாமல் போனது.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்த டெக்தான். தேக்குப் பலகைகளைக் கீழே உள்ள கண்ணாடியிழையோடு பிடித்திருப்பவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருகாணிகள். ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. நாற்பது வருட வெயிலில் பலகை தேய்ந்து, ஆணித் தலையை மூடிய மரக்கட்டை கழன்று, தண்ணீர் அந்த ஓட்டை வழியாக நடுவில் இருக்கும் மெத்து மரத்துக்குள் இறங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. டொக் டொக் என்று வருகிற சத்தம் திடீரென்று பொத்தென்று கேட்டால் அந்த இடம் ஊறிப்போன ரொட்டி. என் படகில் பாய்மரத்தைச் சுற்றி ஒரு மெத்தை அளவுக்கு அப்படி இருந்தது. பிரெஞ்சுப் படகை எடு, நிம்மதியாகப் போ.

தச்சன்மகன்:
உப்புக்கரை அண்ணே, நீங்கள் பட்டறைக்காரனிடம் விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கிறீர்கள். செலவில் பெரும்பங்கு கூலி. நான் தேக்கை மொத்தமாகக் கழற்றி வீசிவிட்டு, ஓட்டைகளை அடைத்து, மேலே கண்ணாடியிழை ஒட்டி, வழுக்காத பெயிண்ட் அடித்தேன். இரண்டு பேர், பதினோரு வாரம், பொருளுக்கு 9,000 ரிங்கிட். வெயிலில் கால் சுடுவதும் நின்றது.

அந்த பிரெஞ்சுப் படகு மட்டும் என்ன புதுசா? அதில் அடிப்பாரம் போல்ட் போட்டு மாட்டியது. அந்த போல்ட்டுகளைக் கடைசியாக எவன் பார்த்தான்? தையானாவில் இரும்புப் பாரம் கண்ணாடியிழைக்குள்ளேயே அடைபட்டிருக்கும், கழன்று விழ அங்கே எதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரனில் சேல்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடியைத் துளைத்து இறங்கி விசிறியைச் சுற்றும் கால்) இருந்தால் அடியில் ஒரு பெரிய ரப்பர் வளையம், அதை ஏழு வருடத்துக்கொருமுறை மாற்றச் சொல்கிறது வோல்வோ. அப்புறம் கம்பிகளுக்குப் பத்து வயது தாண்டினால் அங்கேயும் இன்சூரன்ஸ்காரன் மூஞ்சியைச் சுளிப்பான். 150,000 கொடுத்துவிட்டு மிச்சம் பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வான்?

கிள்ளான்_ராஜி:
இரண்டு பேருமே டெக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பி, முதலில் செயின்பிளேட்டைப் பார். கம்பிகளைப் படகின் உடம்போடு பிடித்திருக்கும் எஃகுப் பட்டைகள். வெளியே பளபளவென்றுதான் இருக்கும். டெக்கைத் துளைத்துப் போகிற இடத்தில் ஈரம் தேங்கி, காற்றுப் படாமல், எஃகு உள்ளுக்குள்ளேயே வெடித்திருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். அது போனால் மரமே சாயும். அந்தக் காலத்து தைவான் படகுகளில் டீசல் தொட்டி கறுப்பு இரும்பு, அதையும் பார்.

படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயருக்குக் காசு கொடுக்க மனசு வராது, கொடுத்துவிடு. விற்கிற தரகர் கைகாட்டும் ஆள் மட்டும் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

உப்புக்கரை:
தச்சன்மகன், பதினோரு வாரம் கண்ணாடியிழை தேய்த்திருக்கிறீர்கள், சரி. உங்களுக்குத் தச்சு வேலை அப்பாவிடமிருந்து வந்தது, பெயரிலேயே போட்டிருக்கிறீர்கள். தம்பி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். முகமூடி, முழுக்கை உடுப்பு, நம் ஊர்ப் புழுக்கம், இரவு படுத்தால் தோலெல்லாம் அரிப்பு. மூன்றாவது வாரம் ஆள் கூப்பிடுவார், அங்கே ஆரம்பிக்கும் கூலி. அவர் ஆசைப்பட்டது இரண்டு வருடக் கடல், அதில் ஒரு வருடம் பட்டறையில் போய்விடும். புதுக் கம்பி, புதுப் பாய் என்று போட்ட பணத்தில் விற்கும்போது பாதி கூடத் திரும்பாது.

தச்சன்மகன்:
பாதி வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுராத்திரி அந்தமான் பக்கம் ஒரு குழாய் பிய்த்துக்கொண்டால், எந்த வால்வு எங்கே என்று தன் கையால் பிரித்துப் போட்டவனுக்கு இருட்டிலும் தெரியும்.

கடல்காத்து:
நேற்றுப் போய் வந்தேன். ராஜி அக்கா சொன்ன இடத்தில் இடது பக்கம் இரண்டு செயின்பிளேட்டுக்குக் கீழே, அலமாரிக்குள், பழுப்பு நிறத்தில் கோடு வழிந்திருக்கிறது. சுத்தியல் போடப் பெரியவர் தடுக்கவில்லை. முன்பக்கம் நன்றாகத்தான் கேட்டது, பாய்மரத்தடியில் பொத். அவரே ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்டினார், ஓட்டையிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீர் வந்தது. எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. 60,000க்குத் தருகிறேன் என்கிறார்.

உப்புக்கரை:
சும்மா கொடுத்தாலும் யோசி.

தச்சன்மகன்:
45,000 கேள். கழற்றிப் பார்த்த பிறகுதான் பணம் என்று சொல். மிச்சம் 115,000. கம்பி, செயின்பிளேட், தொட்டி எல்லாம் அதற்குள் அடங்கும், பாய் பழசே ஓடட்டும்.

கிள்ளான்_ராஜி:
தொட்டி பார்த்தாயா? அவர் இந்த ஆறு வருடத்தில் டெக்குக்கு ஏதாவது செய்தாரா, கேட்டாயா?

கடல்காத்து:
தொட்டி பார்க்க முடியவில்லை அக்கா, கட்டில் பலகையைப் பெயர்க்க வேண்டும். டெக்குக்குச் செய்தாராம். ஆணியை மூடும் தேக்குக் கட்டைகளை ஒரு மைலோ டப்பாவில் வைத்திருக்கிறார், கழன்றதற்குப் பதில் புதுசு வைத்து ஒட்டுவார்.

கிள்ளான்_ராஜி:
டப்பாவில் எவ்வளவு மிச்சம்?

கடல்காத்து:
அடியில் ஏழெட்டு கிடந்தது.