இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர் விமானத்தில் செல்லலாமா?

கேள்வி – ஈரோடு:
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் சீரற்ற இதயத்துடிப்புக்காக என் தந்தையார் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொண்டு வருகிறார். அவரைக் கோவையிலிருந்து சிங்கப்பூரில் உள்ள தங்கை வீட்டிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். விமானத்தினுள் காற்றழுத்தம் குறையும் என்கிறார்களே, அது அவரைப் பாதிக்குமா?

பதில் – திருப்பூர்:
பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்திற்கு ஒப்பானது, ஏறக்குறைய உதகையில் இருப்பதைப் போன்றதுதான். ஆகவே துடிப்பு கட்டுக்குள் இருந்து, மூச்சுத்திணறலின்றி மாடிப்படி ஏற முடிகிறவர்கள் பெரும்பாலும் சிரமமின்றிப் பயணிக்கிறார்கள். ஆயினும் இதய மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகே பயணச்சீட்டு எடுங்கள்; புறப்படுமுன், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் தேவை.

பதில் – பொள்ளாச்சி:
மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல், மருந்தின் பொதுப்பெயர் குறித்த மருத்துவர் கடிதத்துடன் கைப்பையிலேயே வையுங்கள். அங்கே நேரம் இரண்டரை மணி முன்னதாக இருப்பதால், இங்கு இரவு 8 மணிக்குப் போடும் மாத்திரை அங்கே 10.30க்கு வரும். விருந்து என்று முருங்கைக்கீரையைத் திடீரெனக் கூட்டிவிட வேண்டாம் (மகள் வீட்டில் இதுதான் நடக்கும்!), அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும்.

பதில் – கோபி:
பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இந்த நோயை மறைக்காமல் எழுதுங்கள்.