புதுப்பிப்பு: வேலூர் வெயிலில் தினமும் விக், நகர்வதும் சிக்கும் தீர்ந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எனக்கு முடி நன்றாகவே இருக்கிறது, ஆசைக்காகத்தான் தினமும் சிந்தெடிக் விக் வைக்கிறேன். காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு ஸ்கூட்டியில் போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் விக் பின்னால் நகர்கிறது, பிடரியில் சிக்கு விழுகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நகராமல் இருக்க வெல்வெட் பட்டைதான் சரி. அதைச் சொன்ன அக்காவுக்குத் தனியாக நன்றி. விக்குக்கு அடியில் போடும் நைலான் தொப்பியை விட்டுவிட்டு, முன்நெற்றி ஓரமாகப் பட்டையைக் கட்டி அதன்மேல் விக்கை வைத்தேன். மூன்று வாரமாக அசையவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பையும் முயன்றேன். நம்ம ஊர் வியர்வைக்கு மதியத்துக்குள் விட்டுப்போகிறது.

சிக்குக்கு, ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரில் துணிக்குப் போடும் கண்டிஷனர் ஒரு மூடி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தேன். பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சீவினேன். சுடிதார் காலர் உரசும் இடத்தில் மட்டும் திரும்பச் சிக்கு வருகிறது. அடுத்த விக் கழுத்துக்கு மேலே நிற்கும் குட்டை முடிதான்.

யாரும் சொல்லாத ஒன்று: விக்கோடு இட்லிப் பானையைத் திறந்தேன். ஆவி பட்டதும் நெற்றி முடி சுருண்டு தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சாதாரண சிந்தெடிக் இழை சூடு தாங்காது. எவ்வளவு சீவியும் நேராகவில்லை, அந்த நுனியை வெட்டிவிட்டேன். இப்போது சமையல் முடித்த அப்புறம்தான் விக்.