திறந்த சுற்றா, விடுசுற்றா?

ஐயா, வணக்கம்.

ஸ்கேனர் காட்டும் கார்க் கோளாறுக் குறிகளின் வாலில், மின்சுற்றில் என்ன கோளாறு என்று சொல்ல வரும் 11 முதல் 15 வரையான பின்னொட்டுகளுக்கு நீங்கள் அனுப்பிய தமிழைப் பார்த்தேன். 13-க்கு, அதாவது மின்னோட்டம் போகும் வழி எங்கோ விட்டுப்போன ‘ஓப்பன் சர்க்யூட்’டுக்கு, ‘திறந்த சுற்று’ என்று போட்டிருக்கிறீர்கள். பாடநூல் சொல்தான், தப்பில்லை. ஆனால் வண்டிக்கடியில் படுத்திருப்பவருக்கு அது நேரெதிராகக் கேட்கிறது.

போன மாதம் என் காரில் முகப்பு விளக்கு உச்சிவெயிலிலும் எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சை ‘ஆட்டோ’வில் வைத்தால் அணையாது, ‘ஆஃப்’புக்குத் திருப்பினால் அணையும். ஆக பல்பு, ஃபியூஸ், ரிலே எல்லாம் சரி; வெளிச்சத்தை அறியும் பக்கம்தான் சரியில்லை. பட்டறை ஸ்கேனரில் வந்த குறியின் வால் 15. நம் பட்டியலைப் பார்த்து வாசித்தேன்: ‘நேர்முனைக் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) அல்லது திறந்த சுற்று’. பட்டறைத் தம்பி உடனே கேட்டான்: “திறந்துதானண்ணா இருக்கு, அப்ப கரண்ட் போகுதுல்ல?”

அவன் கேட்டது நியாயம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். மின்சுற்றைத் திறந்தால் மட்டும் ஓட்டம் நின்றுவிடுமாம்.

அவன் வேலையைத் தொடங்கியதும் முதலில் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைத்தான் நகர்த்தினான். கண்ணாடியோரம் பொட்டு மாதிரி இருக்கும் கறுப்புக் குமிழ்தான் வெளிச்சத்தை அறியும் உணரி (சென்சார்). பிள்ளையாருக்குப் போட்ட மாலை காய்ந்து அதன்மேல் படிந்து கிடந்தது. (சுங்கச்சாவடி ரசீது, துண்டு, மாலை, இந்த மூன்றும் எத்தனை உணரிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தனவோ.) மாலையை எடுத்தும் விளக்கு அணையவில்லை. அப்புறம் காரை வெயிலுக்குத் தள்ளினோம். ஷெட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், அங்கே விளக்கு எரிவதே முறை. ஐ.நா.வின் 48-ஆம் வாகன விதிப்படி 1,000 லக்ஸுக்குக் கீழே போனால் 2 நொடிக்குள் எரிய வேண்டும். 7,000-ஐத் தாண்டினால் 5 நொடிக்கு மேல், 300 நொடிக்குள் அணைய வேண்டும். வெயிலில் ஐந்து நிமிடம் தாண்டியும் எரிந்தது.

பிறகு உணரியின் சாக்கெட்டைக் கழற்றினான். என் காரில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டைக் குறிப்புக் கம்பியில் (உணரியின் சேதியைப் பெட்டிக்குச் சொல்லும் சிக்னல் கம்பி) நிறுத்தி வைக்கிறது. வெளிச்சம் கூடக்கூட உணரி அதைக் கீழே இழுக்கிறது. கம்பி எங்காவது விட்டுப்போனால் இழுக்க ஆளில்லாமல் 5 வோல்ட்டிலேயே நிற்கும். பேட்டரி நேர்முனையிலிருந்து வரும் லைவ் கம்பி ஒன்று அதைத் தொட்டாலும் பெட்டிக்கு உச்சமாகத்தான் தெரியும். இரண்டையும் அதனால் பிரிக்க முடியாது. 15 என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான். எப்படியானாலும் பெட்டிக்கு அது கும்மிருட்டு.

மல்டிமீட்டருக்கு அந்தக் குழப்பம் இல்லை. சாவியைப் போட்டு, பெட்டிப் பக்கக் கம்பியை பாடியோடு வைத்து அளந்தோம். 12 வந்திருந்தால் லைவ் தொடுகிறது, 0 வந்திருந்தால் வழியில் விட்டுப்போயிருக்கிறது. சரியாக 5 வந்தது. சாவியை எடுத்துவிட்டு எதிர்முனைக் கம்பியை பாடியோடு பார்த்தால் தொடர்ச்சியே இல்லை. அந்தக் கம்பியின் உலோக முனை சாக்கெட்டுக்குள் அரை விரற்கடை பின்வாங்கி நின்றது. “விட்டுப்போச்சுண்ணா” என்றான் தம்பி. கம்பி அறவும் இல்லை, எதுவும் திறக்கவும் இல்லை.

அதனால் என் பரிந்துரை: 13-க்கு விடுசுற்று, குறுக்குச் சுற்றுக்குத் தொடுசுற்று. தொடுகோடு, தொடுதிரை போல வினைத்தொகை. ‘அறுசுற்று’ என்று முதலில் யோசித்தேன், அறுகோணம் மாதிரி ஆறு சுற்று என்று படித்துவிடுவார்கள். ‘துண்டிப்பு’ என்றால் மின்வாரியம்தான் ஞாபகத்துக்கு வரும்.

*

தம்பிக்கு,

மடை உவமை என்னை மடக்கிவிட்டது. முப்பது ஆண்டு பாலிடெக்னிக்கில் ‘திறந்த சுற்று’ என்று கரும்பலகையில் எழுதியவன் நான், ஒரு மாணவன்கூட இதைக் கேட்டதில்லை. புரிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அதை அடியோடு தூக்கவேண்டாம். சுவிட்சை அணைத்தாலும் சுற்று திறந்ததுதான், அது கோளாறல்ல. வேண்டித் திறந்தது திறந்த சுற்று, தானாக விட்டது விடுசுற்று. அப்படிப் பிரித்துக்கொண்டால் பாடநூலோடும் சண்டை வராது.

தொடுசுற்றைத் தயங்கித்தான் ஏற்கிறேன். ‘குறுக்குச் சுற்று’ நல்ல சொல். பளுவைத் தொடாமல் குறுக்கே பாயும் மின்னோட்டத்தைக் கண்முன் காட்டுகிறது. ஆனால் 12-இல் குறிப்புக் கம்பி லைவைத் தொடுகிறது, அவ்வளவே; குறுக்குவழி எதுவும் இல்லை. பின்னொட்டுகளில் மட்டும் ‘தொடு’ இருக்கட்டும்.

பட்டியலின் தலைப்பில் ‘தானியங்கி முகப்பு விளக்கு’ என்பதையும் மாற்றுங்கள். 1-4-2017 முதல் இங்கே வரும் புது பைக்குகளில் எஞ்சின் ஓடும்போது விளக்கும் எரிந்தே தீரும். அதையும் இதே பெயரில்தான் சொல்கிறோம், அதற்கு உணரியே கிடையாது. உறுப்புக்குச் ‘சூழொளி உணரி’ பொருந்தும். நீங்கள் முன்பு சொன்ன ‘அந்தி உணரி’யும் அழகுதான், 1964-இல் காடிலாக்கில் வந்த இதன் மூதாதைக்கு அந்திக் காவலன் என்ற பொருளில்தான் பெயர். ஆனால் சுரங்கப்பாதைக்குள் ஏது அந்தி?

*

ஐயா, தலைப்பை மாற்றிவிட்டேன். இப்போதைக்கு 11 உடல்தொடு, 12 நேர்தொடு, 13 விடுசுற்று, 14 ‘உடல்தொடு அல்லது விடுசுற்று’, 15 ‘நேர்தொடு அல்லது விடுசுற்று’. ‘உடல்’ என்பது வண்டியின் பாடி. ரப்பர் சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு, ஆங்கில ‘கிரவுண்ட்’டைப் பார்த்துத் ‘தரை’ என்று எழுத மனம் வரவில்லை.

நேற்று பட்டறைத் தம்பியிடம் நீட்டினேன். விடுசுற்றில் அவன் நிற்கவே இல்லை, மேலே படித்துக்கொண்டு போனான். ‘நேர்தொடு’வைத்தான் “நேராத் தொடுறதா?” என்று கேட்டான். 12-க்கு ‘லைவ்தொடு’ என்றே வைத்துவிடலாமா?