பெயர் இல்லாத சைலன்சர்: காருக்கு அடியில் நீங்கள் கண்டது என்ன?

குரோய்டன் சுப்ரா:

மூன்று வருசமாக மனதில் கிடக்கிற விசயம். கார் 1995 டொயோட்டா சுப்ரா, ஜேஇசட்ஏ80 மாடல், ஜப்பானில் இருந்து வந்த இரட்டை டர்போ. வாங்கும்போதே பின்னால் பெரிய உருளைச் சைலன்சர், எழுத்து ஒன்றும் இல்லை. காப்புறுதிக்கு மாற்றங்களைச் சொல்லும்போது "எக்ஸாஸ்ட் எந்தக் கம்பனி" என்று கேட்டார்கள், தெரியாது என்றேன், அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது என்றார்கள்.

சரி, கண்டுபிடிப்போம் என்று ஒரு சனிக்கிழமை நண்பனின் கராஜில் லிஃப்டில் ஏற்றினோம். கம்பித் தூரிகையால் ஒரு மணித்தியாலம் தேய்த்த பிறகு சைலன்சரின் அடியில் நாலு புள்ளி தெரிந்தது. தகடு வைத்துப் பற்றவைத்த புள்ளிகள், நீள்சதுரமாக, நடுவில் உள்ள உலோகம் மட்டும் சுற்றியிருந்ததை விட வெளிச்சமாக. யாரோ வேண்டுமென்றே நெம்பி எடுத்திருக்கிறார்கள். ஏன் எடுத்தார்கள் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

உள்ளே ஏதாவது எண் இருக்குமோ என்று முன் குழாய் மூட்டையும் கழற்றினேன். அப்போது ஒரு இரும்பு வளையம் கீழே விழுந்தது, வாசர் போல, நடுவில் குழாயை விடச் சிறிய ஓட்டை. பழைய கேஸ்கெட்டின் மிச்சம் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் புதுக் கேஸ்கெட் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாள் எம்25 நெடுஞ்சாலையில் ஏறும்போது மூன்றாவது கியரில் இரண்டாவது டர்போ வந்த கணம், யாரோ பின்னால் இருந்து காரைப் பிடித்து நிறுத்தியது போல ஒரு வெட்டு. பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், எல்லை மீறியதால் எரிபொருளைக் கணினி நிறுத்திவிட்டது. பக்கத்தில் மனைவி இருந்தாள், அவளுடைய தலை முன்னால் போய்த் திரும்பியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வளையம் பூஸ்டை அடக்கி வைக்கப் போட்டது என்று பிறகுதான் தெரிந்தது. எங்களுடைய ஜப்பான் டர்போவில் செராமிக் சக்கரம், ஐரோப்பாவுக்கு வந்த சுப்ராவில் இரும்பு. செராமிக்கை 1.2 பாருக்கு மேலே நம்பக்கூடாது என்று சுப்ரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

இப்படிப் பெயர் தெரியாத எக்ஸாஸ்ட்டோடு வேறு யார் மல்லுக்கட்டினீர்கள்?

ஈப்போ 4ஜி63:

அண்ணே, என்னுடைய காடி புரோட்டான் வீரா, உள்ளே இருப்பது மிட்சுபிஷி இவோ 3 இன்ஜின். ஹாப்கட், அதாவது பழைய காரை வெட்டி விற்கிற பாதி, வாங்கினோம், எக்ஸாஸ்ட்டும் அதோடு வந்தது. கடைக்காரர் டைட்டானியம் என்று சொல்லித் தனியாகக் காசு வாங்கினார். வால் பக்கம் நீலமும் ஊதாவும் அவ்வளவு அழகாக இருக்கும், நானும் நம்பினேன். வீட்டில் வைத்துத் தங்கச்சி பிரிட்ஜில் இருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்து "அண்ணா, இதுல ஒட்டுமா?" என்று வைத்தாள். டக் என்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம்தான் எனக்கு மறக்கவில்லை. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. நெருப்பு காட்டி நிறம் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் ஆலோசனை, முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். பிறகு சத்தத்தைக் கேளுங்கள். பழகின காதுக்கு எச்கேஎஸ் எது, ஃபுஜிட்சுபோ எது என்று ஜப்பான் கம்பனிகளைப் பிரித்துத் தெரியும்.

ஸ்காபரோ டர்போ:

ஈப்போ தம்பி, காந்தத்தைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள், சத்தத்தைப் பற்றிச் சொன்னது சரியே இல்லை. சத்தம் சைலன்சரில் இருந்து மட்டும் வருவதில்லை. என்னுடையது 2004 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், அதன் கடகட சத்தம் ஹெடர் குழாய்கள், அதாவது இன்ஜினில் இருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்கள், சமநீளம் இல்லாததால் வருவது. சமநீள ஹெடர் போட்டால் அதே சைலன்சர் வேறு கார் போலக் கேட்கும். காதை வைத்துக் கம்பனி சொல்லுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் கதை சின்னது. இங்கே குளிர்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடுவார்கள், ஐந்து குளிருக்குள் பொறித்த எழுத்தை உப்புத் தின்றுவிட்டது. துருவைத் தேய்த்தபோது ஒரு எழுத்தின் கால் மாதிரி ஒரு கோடு தெரிந்தது, ஆசையில் இன்னும் இரண்டு தேய் தேய்த்தேன், அந்தக் கோடும் போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் கோபம் வருகிறது.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். காந்தம் பலமாக ஒட்டினால் 409 ரக ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினியம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் 304 ரக ஸ்டெயின்லெஸ் அல்லது டைட்டானியம். ஆனால் 304 குழாயையும் வளைத்த இடத்தில் வைத்தால் லேசாக இழுக்கும், அதனால் நேரான துண்டில் வையுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், ஸ்டெயின்லெஸும் சூட்டில் பொன்னிறமாகி நீலமாகும். எடை பொய் சொல்லாது, டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 கிராம், ஸ்டெயின்லெஸ் கிட்டத்தட்ட 8.

அப்புறம் ஒரு நூலை எடுத்துக் குழாயைச் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவு 239 மில்லிமீட்டர் வந்தால் 3 அங்குலக் குழாய், 251 வந்தால் 80 மில்லிமீட்டர். 60.5, 75, 80 மில்லிமீட்டர் எல்லாம் ஜப்பான்காரர் பாவிக்கிற அளவு, அமெரிக்காவில் செய்தது 2.5 அல்லது 3 அங்குலமாக இருக்கும். தொங்கவிடும் கம்பியையும் பாருங்கள், 12 மில்லிமீட்டரா, அரை அங்குலமா, அதாவது 12.7ஆ. ஃபிளேஞ்சில், அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் தகட்டில், மரை இருந்தால் அதன் இடைவெளியை அளந்து பாருங்கள், ஜப்பான் கார்களில் எம்10 என்ற 10 மில்லிமீட்டர் போல்டுக்கு 1.25 மில்லிமீட்டர் இடைவெளி அதிகம். வளைவில் குழாய் சப்பையாகிச் சுருக்கம் விழுந்திருந்தால் அது தெருமுனைப் பட்டறையில் வளைத்தது. ஒரே வட்டமாக வந்தால் மாண்ட்ரல் வளைவு, அதாவது உள்ளே தாங்கி வைத்து இயந்திரத்தில் வளைத்தது. ஐரோப்பாவில் விற்றதற்கு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் எண்ணும் இருக்கும், 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். அந்த எண் எந்த நாட்டில் அனுமதி வாங்கினார்கள் என்றுதான் சொல்லும், எங்கே செய்தார்கள் என்று சொல்லாது. ஜப்பானில் என்றால் ஜாஸ்மா, அதாவது அங்கத்தைய சைலன்சர் கம்பனிகளின் சங்கம், அதன் தகட்டைத் தேடுங்கள், குரோய்டன் தம்பியின் நாலு புள்ளியும் அப்படி ஒரு தகட்டுக்காக இருக்கலாம். ஜப்பானில் காரை ஏலம் விட்டபோது அதன் நிலையை எழுதிய ஏலத் தாள் கையில் இருந்தால் அதையும் ஜப்பானியம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், சைலன்சர் கார்க் கம்பனியின் சாமான் இல்லை என்று எழுதியிருந்தால் ஜப்பானிலேயே மாற்றியது என்றாவது உறுதியாகும்.

ஈப்போ 4ஜி63:

அண்ணே, சத்தம் விசயத்தில் நீங்கள் சொல்வது உங்கள் சுபாருவுக்குச் சரி. எங்கள் நாலு சிலிண்டர் வரிசை இன்ஜினில் காது கொஞ்சம் உதவும் என்றுதான் நினைக்கிறேன். நூல் யோசனை நல்லது, நாளைக்கே அளக்கிறேன்.

கோவை ஆர்கான்:

நான் இந்தப் பக்கம் எழுதியதில்லை. கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன், ஆர்கான் வெல்டிங். செட்டிபாளையத்தில் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற பசங்களுக்குச் சைலன்சர் செய்து கொடுப்பது உண்டு. பெயர் போட மாட்டேன், கேட்டதும் இல்லை.

போன வருடம் ஒரு தம்பி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கொண்டு வந்தார், 1.8 டர்போ. மூன்றாவது கை. சைலன்சர் ஜப்பான் ஒரிஜினல், பெயர்த் தகடு விழுந்துவிட்டது, கண்டுபிடித்துச் சொன்னால் அதே கம்பனியில் முன் குழாயும் வாங்கிப் போடலாம் என்றார். அதற்காகவே காருக்கு அதிகப் பணம் கொடுத்திருக்கிறார். குழிக்குள் இறங்கி லைட்டை மேலே காட்டினேன். தொங்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் முக்கோணமாக ஒரு சின்னத் தகடு. அதில் ஒரு மூலையில் பாதி ஓட்டை. அந்தத் தகட்டை நான்தான் வெட்டினேன், ஒரு பழைய பேனலின் மிச்சத்தில் இருந்து, அந்தப் பாதி ஓட்டை பேனலின் போல்ட் ஓட்டை. எனக்கு முன்பு ஒரு கம்பி விட்டுப்போனதால் அப்போதிருந்து எல்லாவற்றிலும் அந்த முக்கோணம் வைப்பேன்.

கொஞ்ச நேரம் மேலே வரவே இல்லை. அவர் மேலே நின்று "என்னங்கண்ணா, தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்து உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். நான் விற்கும்போது யாரிடமும் ஜப்பான் என்று சொல்லவில்லை, ஆனாலும் பெயர் போட்டிருந்தால் அந்தத் தம்பி ஏமாந்திருக்க மாட்டார் என்பது உறுத்துகிறது. இப்போது ஃபிளேஞ்சில் மாதம், வருடம், பட்டறை எழுத்து மூன்றும் பஞ்ச் பண்ணுகிறேன்.

குரோய்டன் சுப்ரா:

கோவை அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு நேற்று மறுபடியும் காரின் கீழே போனேன். தொங்கும் கம்பிகளைத்தான் முதலில் பார்த்தேன், முன்பு ஒருநாளும் அவற்றைப் பார்க்கத் தோன்றவில்லை. கம்பி 12 மில்லிமீட்டர், குழாயின் சுற்றளவு 251. நாலு புள்ளிகளின் இடைவெளியையும் அளந்து எழுதி வைத்திருக்கிறேன், தகட்டோடு சைலன்சர் வைத்திருக்கும் யாராவது உங்களுடையதை அளந்து சொன்னால் ஒப்பிடலாம்.

வளையம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அதைப் படம் எடுத்து, ஓட்டையின் அளவையும் எழுதி, எந்த மூட்டில் இருக்கிறது என்று குறித்து, சேர்விஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.