பாகு பூத்தால்தான் பிராலின்

பிராலின் என்றால் சாக்லேட் என்றுதான் நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். பிரஸ்ஸல்ஸில் ஒரு கடையில் பிராலின் கேட்டபோது, உள்ளே பூரணம் வைத்த சின்னச் சின்ன சாக்லேட்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். 1912-இல் ழான் நோய்ஹவுஸ் அந்த ஊரில் அதை அறிமுகப்படுத்தியதிலிருந்து பெல்ஜியத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

அப்புறம் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் போனேன். பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய பகுதியில் ஒரு மிட்டாய்க் கடை. வாசலிலேயே வெண்ணெயும் சர்க்கரையும் காயும் வாசனை. உள்ளே ஒரு அம்மா செம்புப் பாத்திரத்தில் பாகு கிளறிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை, கிரீம், வெண்ணெய், அக்ரூட் மாதிரி இருக்கும் பெக்கான் பருப்பு, அவ்வளவுதான். அடுப்பிலிருந்து இறக்கி மரக்கரண்டியால் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பளபளவென்றிருந்த பாகு மங்கிக் கலங்கியது. உடனே கரண்டி கரண்டியாக அள்ளிப் பளிங்குக் கல்லில் விட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்ட வட்டமாக இறுகிப்போனது. "ப்ரேலீன் இல்லை, ப்ராலீன்" என்று என் உச்சரிப்பையும் திருத்திவிட்டார்.

அந்த மங்கல்தான் எனக்கு ஆச்சரியம். நம் அடுப்படியில் பாகு பூத்தால் வேலை கெட்டது என்று அர்த்தம். பூக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு விடுவோம். இங்கே பூக்கவைப்பதில்தான் கைப்பக்குவமே இருக்கிறது! சுமார் 115 டிகிரி செல்சியஸில், தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருண்டையாகத் திரளும் பதத்தில் இறக்க வேண்டும். கடலை மிட்டாய்க்குப் போல தட்டினால் சத்தம் வரும் பதம் வரைக்கும் போகக்கூடாது. அடிக்க அடிக்கச் சர்க்கரை பொடிப்பொடிப் படிகமாகிறது. அதனால்தான் கடித்ததும் உதிர்ந்து வாயில் கரைகிறது.

மூலம் பிரான்ஸ். 17-ஆம் நூற்றாண்டில் பிளெசி-பிராலின் பிரபுவின் சமையல்காரர் முழு பாதாமுக்குச் சர்க்கரை பூசியதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அங்கேயும் பாகு முதலில் பூத்து, மணல் மாதிரி பாதாமில் ஒட்டும். அதன் பிறகுதான் மறுபடி உருக்கிப் பொன்னிறமாக்குவார்கள். லூசியானாவில் பாதாமின் இடத்துக்குப் பெக்கான் வந்தது. கிரீமும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெக்கான் கதையை நான் மறக்கவே மாட்டேன். லூசியானாவின் ஓக் ஆலி என்ற பண்ணைத் தோட்டத்தில் அடிமையாக இருந்த தோட்டக்காரர் ஒருவர், 1840-களில் நல்ல பெக்கான் மரத்தை ஒட்டுக்கட்டி வளர்த்துக் காட்டினார். அவர் பெயர் அந்த்வான். அந்தப் பெயரைத் தவிர அவரைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. பிராலினைக் கூடையில் வைத்து நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் விற்றவர்களும் கறுப்பினப் பெண்கள்தான். பிராலினைப் பற்றிப் பேசும்போது பிரபுவைச் சொல்கிற வாய் இவர்களையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் முதல்முறை செய்தது நல்ல மழை நாளில். காற்றிலிருந்த ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு, கடைசிவரை பிசுபிசுவென்றே கிடந்தது. அடுத்த முறை வெயில் நாளாகப் பார்த்துச் செய்தேன். ஒரு நிமிஷம் கூடுதலாக அடித்ததில் பாத்திரத்திலேயே இறுகிவிட்டது. ஒரு கரண்டி வெந்நீர் விட்டு மெல்லிய தீயில் கிளறினேன், இளகியது. பதினெட்டு வட்டம் தேறியது.