பழையபேட்டைத் தொட்டி வீடு: கூரையைப் பிரிக்காமல் பாத்ரூமும் மாடி அறையும் எடுக்க முடியுமா?

தொட்டிவீடு_கிருஷ்ணகிரி:

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 28க்கு 60 அடி பழைய வீடு. முன்பக்கம் இரண்டு அறையும் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட தட்டைக் கூரை). நடுவில் தொட்டி (வானம் பார்த்த முற்றம்), அதைச் சுற்றி நாலு கருங்கல் தூண், சீமை ஓடு. சுவர் 18 அங்குலம். கல்லும் மண் சாந்தும், மேலே சுண்ணாம்புக் காரை. முன்பு யாரோ கீழ் நாலு அடிக்கு சிமெண்ட் பூசியிருக்காங்க. இப்போ அந்தப் பூச்சு உப்பி நிற்குது. அதற்கு மேலே காரை பொடிப்பொடியாக உதிருது. டெரஸில் மூணு கட்டையோட முனை இத்துப்போச்சு, மழைக்கு ஒழுகுது. இரண்டு பாத்ரூம், சமையலறை, மாடியில் ஓர் அறை வேணும். டெரஸைப் பிரிச்சுட்டு அதே சுவர் மேல கான்கிரீட் தளம் போட்டுடலாம்னு பில்டர் சொல்றார். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

காரைக்கலவை:

முதலில் அந்த சிமெண்டை எடுங்க. மண் சாந்துச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காரை வழியாக அது ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் வழியை அடைத்ததும் ஈரம் நாலு அடியைத் தாண்டி ஏறி, அங்கே போய்க் காயுது. தண்ணீர் போன பிறகு உப்பு மட்டும் பூச்சுக்குள் படிகமாகத் தங்கி, காரையை உள்ளிருந்து தள்ளுது. நீங்க பார்க்கிற பொடி அதுதான். மேலே புட்டியோ எமல்ஷனோ அடித்தால் ஒரே மழையில் திரும்ப வரும்.

பிரேக்கர் மெஷின் கூடாது. அதிர்வில் உள்ளே இருக்கிற மண் சாந்து இளகிக் கொட்டிடும். உளி, சுத்தியால் சின்னச் சின்னத் துண்டாக எடுங்க. சிமெண்டை எடுத்த பிறகு சுவரை வெயில் காலம் முழுக்கத் திறந்து காயவிடுங்க. பூக்கிற உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரி வெளியே கொட்டணும், கழுவக் கூடாது. தெரு மட்டம் ஏறிப்போயிருந்தால் வெளிச்சுவரை ஒட்டிய மண்ணை உள்தரைக்கு அரை அடி கீழே வரை எடுத்துட்டு, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் கொடுங்க. இதைச் செய்யாமல் பூசுற காரை வீண்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, குறைந்தது 15 நாள் தண்ணீருக்கடியிலேயே வைங்க. நீறாத துகள் இருந்தால் பூசின பிறகு பட்டாணி அளவில் வெடித்துக் கிளம்பும். கல்லிடுக்குகளை முதலில் அடைச்சுக்கோங்க. முதல் பூச்சு சுண்ணாம்பு 1, மணல் 3, அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்தது 1க்கு 2, சலித்த மணல். எம்-சாண்ட் என்றால் தூசியைக் கழுவிடணும், இல்லாவிட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும். கடுக்காய், வெல்லத் தண்ணீரை அளவோடு சேருங்க. வெல்லம் கூடினால் இறுக நாளாகும். உப்புக்கரிக்கிற போர் தண்ணீரைக் கலவைக்கு எடுக்காதீங்க. ஈரச் சாக்கு போட்டு இரண்டு வாரம் பதம் காக்கணும்.

தச்சுப்பட்டறை_தருமபுரி:

கூரைக்கு வரேன். 5 அங்குல கான்கிரீட் தளம் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 3 டன். அதோட வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். ஒவ்வொரு நாளும் சுவரோட தலையைத் தள்ளும். மண் சாந்துச் சுவர் அதைத் தாங்காது.

இத்துப்போன கட்டைக்காக டெரஸை முழுசாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டையையும் சுவர் ஓரத்தில் கம்பியால் குத்திப் பாருங்க. தட்டினால் டொப்டொப்னு கேட்கிற இடமும், கம்பி வெண்ணெய்யில் இறங்குற மாதிரி போற இடமும் போச்சு. நல்ல மரம் எங்கே தொடங்குதுன்னு சாக்பீஸால் குறிச்சுக்கோங்க. கீழே பலகை கொடுத்து ஜாக்கி முட்டு வைங்க. பாரத்தை வாங்கினால் போதும், மேலே தூக்கிடாதீங்க. தூக்கினால் 45 பாகையில் குத்துக்கல்லாக அடுக்கின செங்கல் கழன்று வரும். இத்த முனையை வெட்டிட்டு, இருபுறமும் இரும்பு சேனலை நல்ல மரத்தின் மேல் இரண்டு அடியாவது நீளுகிற மாதிரி வைத்து, 12 மி.மீ. போல்ட் போடுங்க. சுவருக்குள் போற முனையைச் சுற்றி ஒரு அங்குலம் காற்றிடம் விடணும். அதைச் சிமெண்டால் அடைக்கிறதால்தான் முனை முதலில் இத்துப்போகுது.

ஒழுகலுக்கு மேல இன்னொரு பூச்சு போடாதீங்க. ஒரு அங்குலம் காரைக்கே 100 சதுர அடிக்கு 450 கிலோ கிட்ட ஏறும். பழைய அடுக்குகளைச் சுரண்டி எடுத்து, வாட்டம் சரிபார்த்து, தட்டோட்டைச் சுண்ணாம்பில் பதிங்க.

தொட்டிவீடு_கிருஷ்ணகிரி:

ரொம்ப நன்றிங்க. அப்போ மாடி அறை கனவை விட்டுடணுமா?

கட்டுமானம்_ஓசூர்:

விட வேண்டாங்க, இடத்தை மாத்துங்க. பின்கட்டில் தனி காலம் (கான்கிரீட் தூண்), பீமோட (உத்திரம்) புதுப்பகுதி எழுப்புங்க. சமையலறை, இரண்டு பாத்ரூம், அதற்கு மேலே மாடி அறை. தண்ணீர் புழங்குற எல்லாம் அங்கேயே இருந்தால் பழைய சுவரை வெட்டிக் குழாய் பதிக்கிற வேலையே இல்லை.

பழசும் புதுசும் ஒட்டக் கூடாது, இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்க. புது அஸ்திவாரம் வேறு வேகத்தில் அமரும். கம்பி போட்டுப் பிணைத்தால் விரிசல் பழைய சுவரில்தான் விழும். இடைவெளிக்கு மேல் அலுமினியத் தகடு மூடுங்க, ஒரு பக்கம் மட்டும் ஆணி. காலம் குழியைப் பழைய சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளித் தோண்டி, பீமை நீட்டிக் கிட்டே கொண்டு வாங்க. பழைய அஸ்திவாரத்தை விட ஆழம் போகணும்னா இன்னும் தள்ளுங்க. ஒட்டித் தோண்ட வேற வழியே இல்லைன்னா மூணு மூணு அடியாக, ஒன்று விட்டு ஒன்று. முழு நீளத்தையும் மழைக்காலத்தில் திறந்து வைத்தால் சுவர் உட்கார்ந்துடும்.

போக வர இருக்கிற பின்வாசலையே வைச்சுக்கோங்க. மின்சாரத்துக்குச் சுவரை வெட்டாமல் மேற்பரப்பில் கான்டூட் (ஒயர் போகிற குழாய்). தொட்டிக்கு மேலே பாலிகார்பனேட் போட ஆசைப்பட்டால் ஓட்டுக்கு ஒரு அடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்து விடுங்க. இறுக மூடினால் சூடு உள்ளேயே நிற்கும், சுவரும் காயாது.

காரைக்கலவை:

ஒண்ணு விட்டுப்போச்சு. கரையானுக்குத் தரையும் சுவரும் சேர்கிற இடத்தில் ஒரு அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ., துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 2.1 மில்லி. துளையைச் சுண்ணாம்பால் அடைங்க. பூச்சு வேலைக்கு முன்னாடியே இதை முடிச்சுடணும்.